கையும் களவும்

களைக்கொல்லி அடித்த எட்டாம் நாள் காலை, சட்டையைப் பிடிக்காத குறையாகத் தம்பியை வரப்புக்கு இழுத்து வந்தான் அண்ணன். பின்னாலேயே அவன் மனைவியும் வந்தாள்.

நடுவில் ஒற்றை வரப்பு. அந்தப் பக்கம் தம்பியின் மக்காச்சோளம், களைக்கொல்லிக்கும் சாகாத மரபணு மாற்றிய ரகம். கம்பெனியிலிருந்தே சாயம் பூசி வரும் விதை. விதைத்தவர் கை இரண்டு நாளைக்குச் சிவந்திருக்கும்.

இந்தப் பக்கம் அண்ணனுடையது. இருபது வருடமாக அவனே எடுத்து வைத்த சொந்த விதை.

அதற்கென்றே வரும் வியாபாரி இந்த முறை வயலின் கடைசியில் ஓர் இலை கிள்ளிக் கசக்கி, அந்தச் சாற்றில் ஒரு தாளை நனைத்துப் பார்த்தான். ஒரு கோடு வந்தால் கலப்பில்லாத சுத்தம். இரண்டு வந்தது. பையை மூடிக்கொண்டு போய்விட்டான்.

தம்பி வயல் மகரந்தம் போன வருடம் காற்றில் வந்து விதையைக் கெடுத்துவிட்டது என்று அண்ணன் ஊர் முழுக்கச் சொன்னான். தம்பி ஒப்புக்கொள்ளவில்லை. உன்னைக் கையும் களவுமாகப் பிடிக்கிறேன் பார் என்று அண்ணன் அதே களைக்கொல்லியை வாங்கித் தன் பயிர் முழுக்கத் தானே அடித்தான். செத்தால் தன் ரகம், தப்பினால் தம்பி ரகம்.

"வேணாங்க, கோபம் தணியட்டும். அப்புறம் ஒண்ணு சொல்றேன்" என்று மனைவி அன்று கையைப் பிடித்தாள்.

அவன் தணிகிற ரகமா என்ன? உதறிவிட்டுப் போனான்.

இப்போது வயல் வைக்கோல் நிறத்தில் கிடந்தது. வீட்டில் மாற்று விதை ஒரு மணி கிடையாது. விதைத்த அன்றே பற்றாக்குறை. ஆனாலும் கண் பச்சையைத்தான் தேடியது.

இருந்தது. வரப்போரத்தில் இல்லை, தூரத்துக் கடைசியில். நான்கு வரிசை, ஒரு செடி குறையாமல் பசேலென்று நின்றன.

அண்ணன் கையை நீட்டிக் காட்டினான்.

தம்பி அந்த வரிசைகளை எண்ணிப் பார்த்தான்.

"காத்து நூல் பிடிச்சு விதைக்குமா, அண்ணே?"

நீட்டிய கை அப்படியே நின்றது.

கடைசி நான்கு வரிசை. விதை பற்றாமல் போன அன்று, அளந்து வைக்கத் தெரியாதா என்று மனைவிமேல் எரிந்து விழுந்துவிட்டு அவன் வீட்டுக்குப் போய்விட்டான். அவள்தான் எப்படியோ முடித்துவிட்டு வந்தாள். வந்து, சோப்புப் போட்டுப் போட்டுக் கை கழுவினாள்.

திரும்பிப் பார்த்தான்.

சிவப்பு போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. அவள் இன்னும் கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தாள்.