ஒத்த ரூபாய்

மூன்றாவது ஈடு இட்லியை இறக்கியாகிவிட்டது. காசு வந்ததும் சத்தமாய்ச் சொல்லும் டப்பா இன்னும் அந்த ஒரு ரூபாயைச் சொல்லவில்லை.

"முப்பது ரூபாய் பெறப்பட்டது," என்றது. யாரோ ஸ்கேன் செய்துவிட்டுப் போன சாப்பாட்டுக் காசு. பிறகு நாற்பது. மறுபடி முப்பது. ஒவ்வொரு முறையும் செவ்வந்தியின் கரண்டி நின்று, பிறகு நகர்ந்தது.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு வாசலில் அவள் இட்லி வண்டியைத் திறந்ததும் முதலில் வருவது அந்த ஒரு ரூபாய்தான். சின்னசேலத்தில் கட்டிக்கொடுத்த மகள் எழில்மதி அனுப்புவது. வந்தால், நான் நல்லா இருக்கேன் என்று அர்த்தம்.

போனில் பேச முடியாது. யாரிடம் பேசினாள் என்று மருமகன் செழியன் தினமும் நோண்டிப் பார்ப்பான். நேரில் போகவும் பயம். போன தடவை போய்க் கேட்டதற்கு மகளின் கைதான் முறிந்தது.

பணம் அனுப்பும் ரகசிய எண் மட்டும் அவனுக்குத் தெரியாது. செத்தாலும் சொல்ல மாட்டேன் என்று எழில்மதி சொல்லியிருந்தாள்.

ஆட்டோ ஓட்டும் ராசு தட்டை நீட்டியபடி வழக்கம்போல ஆரம்பித்தான். "இந்த டப்பாவத் தூக்கிப் போடுக்கா. ரொக்கமா வாங்கு. காச எடுக்கப் போறப்பல்லாம் பேங்க்காரன் புடிச்சிக்கினே இருக்கான். நீ இன்னா, அவனுக்கா இட்லி சுடுற?"

அவன் சொல்வது நியாயம்தான். அரிசிக்கடையில் ரொக்கம்தான் கேட்கிறார்கள். இலவசமாக எடுக்கும் தடவைகள் மாதத்தின் முதல் வாரத்திலேயே தீர்ந்துவிடும். அப்புறம் ஏடிஎம் பக்கம் போனாலே பிடித்தம். டப்பாவுக்கு வாடகை வேறு. எல்லாம் பிடித்துக்கொள்ளட்டும், பாழாய்ப்போனவர்கள்.

இன்று சட்னிக்கு உப்புப் போட்டாளா என்றே நினைவில்லை.

"ஒரு ரூபாய் பெறப்பட்டது."

செவ்வந்திக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ராசுவின் தட்டில் கேட்காமலே இன்னொரு இட்லி வைத்தாள்.

நிமிர்ந்தாள்.

வண்டிக்கு முன்னால் செழியன் நின்றிருந்தான். கையில் எழில்மதியின் போன்.

"தெனம் இங்கதான் வருதா அத்த, இந்த ஒத்த ரூபா?"

செவ்வந்தியின் கண் அவனைத் தாண்டி எழிலைத் தேடியது.

அவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. போனை மறுபடி ஸ்கேன் அட்டைக்கு நேராகப் பிடித்து, அந்த ரகசிய எண்ணை நிதானமாக அழுத்தினான்.

"ஒரு ரூபாய் பெறப்பட்டது," என்றது டப்பா.