நீலாவதியின் டிரம்

"இந்த டிரம்ம எங்கேயாவது கொண்டுபோயி கொட்டிடு லா, நீலா. வீட்டுல உக்காந்து சோறு திங்க முடியல," என்றான் மாடசாமி.

நீலாவதி டிரம்மின் மூடியைச் சரிசெய்தாள்.

கணவன் மனைவி இருவருக்கும் மலேசிய மலையூரான ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை. தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தில் அவளுடைய டிரம்மைப் பற்றிப் பேசாதவர்கள் இல்லை. வேலியோரம் மண்டிக் கிடந்த காட்டுச் சூரியகாந்தியையும் சௌசௌ கொடியையும் இலையோடு நறுக்கித் தண்ணீரில் ஊறப்போடுவாள். தினமும் கழியால் கிளறுவாள். கறுத்துப் புளித்ததும் வடிகட்டி, நல்ல தண்ணீர் கலந்து செடிக்கு ஊற்றுவாள். கடை உரம் இதன் பக்கத்தில் நிற்க முடியாது என்று பெருமையாகச் சொல்லுவாள்.

ஆனால் அவள் வீட்டுப் பாத்தியில் முட்டைக்கோஸ் கைப்பிடி அளவைத் தாண்டவில்லை. நாற்றம்தான் நன்றாக வளர்ந்திருக்கிறது என்று லயத்தில் சிரித்தார்கள். மாடசாமிக்குத் தலைகுனிவாக இருந்தது. அவள் மட்டும் டிரம்மை விடவில்லை.

அந்த வருஷம், 1979-இல், தோட்டத்து மண்டபத்தில் காய்கறிப் போட்டி நடந்தது. பக்கத்து வீட்டுச் செல்லத்துக்கு முதல் பரிசு. அவளுடைய முட்டைக்கோஸை இரண்டு கையாலும்தான் தூக்க முடிந்தது. தோட்டத்துத் துரை பரிசுக் கம்பளியைக் கொடுத்துவிட்டு, என்ன உரம் போட்டாய் என்று கேட்டார்.

"ஒண்ணும் போடலங்க துரை. எங்க வீட்டுக்காரரு சாவுறதுக்கு முந்தி நட்ட கன்னுங்க. அவரு போன பொறவு நான் கதவச் சாத்திக்கிட்டுக் கெடந்தேன். ஒரு செம்புத் தண்ணிகூட ஊத்தல. ஒரு நா கதவத் தொறந்து பாத்தா, அத்தனையும் பச்சப்பசேல்னு நிக்குது. எல்லாம் அவரு கைராசிங்க. அதப் பாத்த பொறவுதான் எனக்கும் வாழணும்னு தோணுச்சு."

மண்டபமே கைதட்டியது. எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியவள் நீலாவதி. முகத்தில் அப்படி ஒரு பெருமிதம். மாடசாமிக்குப் பொறுக்கவில்லை. செத்துப்போன மனுஷன் கைராசிக்கு வளர்கிற செடி, உன் டிரம் தண்ணிக்கு வளரவில்லையே என்று அவள் காதருகே முணுமுணுத்தான்.

கைதட்டுவதை நிறுத்தாமல் அவள் மெல்லச் சொன்னாள்:

"நம்ம பாத்திக்கு ஒரு சொட்டுகூட ஊத்தலங்க. அம்புட்டும் செல்லம் அக்கா பாத்திக்குத்தான் ஊத்துனேன். அவங்ககிட்ட சொல்லிடாதீங்க."