டெல்மரின் காலைக் கஞ்சி

டெல்மர் தன் காலைச் சாப்பாட்டைத் துப்பாக்கியில் போட்டு, வானத்தைப் பார்த்துச் சுட்டார். டம்! ஷெட்டுக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு மேகம் எழுந்து காற்றோடு போனது.

கோதுமை ரவைதான். அவர் வைத்திருந்தது எந்தக் கடையிலும் தோட்டா கிடைக்காத அபூர்வ அளவுத் துப்பாக்கி. வேறொரு துப்பாக்கியின் பித்தளைத் தோட்டாக் கூடுகளை வாங்கி, வெடிமருந்தும் ரவையும் அடைத்து, குண்டு இல்லாமல் ஒரு தடவை வெடித்தால்தான் கூடு உப்பி இவர் துப்பாக்கியின் அளவுக்கு வரும். அப்புறம்தான் அதில் நிஜத் தோட்டா செய்ய முடியும்.

ரவையை வாங்கிக் கொடுத்தவள் மனைவி ஆர்லிஸ். ஆனால் அவள் வாங்கியது கஞ்சிக்கு.

"ரத்தத்துல கொழுப்பு இறங்கலேன்னா இந்த வருஷம் எல்க் மான் வேட்டைக்கு மலையேறக் கூடாது" என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லியிருந்தார். "பன்றிக்கறி பேக்கனைத் தொடாதீங்க. காலைல ரவைக் கஞ்சி. கறிதான் வேணும்னா வான்கோழியில செஞ்ச பேக்கன்."

"வான்கோழியெல்லாம் மனுஷன் திம்பானா?" என்று வீடு வரும்வரை புலம்பினார் டெல்மர். வேட்டை இல்லாத அக்டோபரை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பேக்கன் இல்லாத காலையையும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கஞ்சியை நானே காய்ச்சிக்கொள்கிறேன் என்று ரவைப் பெட்டியோடு ஷெட்டுக்குள் ஒதுங்கினார். அங்கிருந்த குட்டி ஃப்ரிட்ஜில், தூண்டில் புழு டப்பாக்களுக்குப் பின்னால், பேக்கன் பதுங்கியிருந்தது.

"கஞ்சி குடிச்சியா?" துவைத்த போர்வையை உதறிக்கொண்டே ஆர்லிஸ் வெளியிலிருந்து கத்தினாள்.

"வழிச்சு நக்கியாச்சு!"

மறுநாள் அவள் துணிக்கொடியை வீட்டின் முன்பக்கம் மாற்றிக் கட்டினாள். பின்பக்கம் இனிக் கண்காணிக்க ஆளில்லை என்று டெல்மருக்கு ஒரே கொண்டாட்டம்.

குறை ஒன்றுதான். வர வர வாணலியில் பேக்கன் எண்ணெயே விடுவதில்லை. "இந்தக் காலத்துப் பன்னிங்ககூட டயட்ல இருக்குதுங்க போலடா" என்று நாயிடம் சொல்லி வருத்தப்பட்டார்.

செப்டம்பரில் ரத்தப் பரிசோதனை. செய்த பாவம் அவருக்குத் தெரியாதா? வேட்டை போச்சு என்று மனசைத் தேற்றிக்கொண்டுதான் டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தார்.

"அட, நல்லா இறங்கியிருக்கே! தாராளமா மலையேறுங்க. அப்படி என்ன சாப்பிட்டீங்க?"

டெல்மரால் தன் காதையே நம்ப முடியவில்லை. "எல்லாம் ரவைக் கஞ்சிதான் டாக்டர்" என்றார், கொஞ்சமும் கூசாமல்.

ஆர்லிஸ் டிரக்கை ஓட்ட, வரும் வழியெல்லாம் பக்கத்தில் சீட்டியடித்துக்கொண்டே வந்தார். டாக்டரையும் பெண்டாட்டியையும் ஒரே கல்லில் அடித்த பெருமை. கடை வாசலில் ஆர்லிஸ் வண்டியை நிறுத்தினாள்.

"தோட்டாவுக்கு ரவை இன்னும் வேணுமா?"

சீட்டி பாதியில் நின்றது. "உ... உனக்குத் தெரியுமா?"

"காயப்போட்ட போர்வை பூரா ரவை. எனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

டெல்மர் தலையைச் சொறிந்தார். "நான்தான் கஞ்சியே குடிக்கலியே. அப்புறம் கொழுப்பு எப்படி இறங்குச்சு?"

கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கப் போனவள் திரும்பினாள்.

"நல்லவேளை ஞாபகப்படுத்தினே. உன் பேக்கன் கவர்ல அடைக்கிறதுக்கு வான்கோழி தீர்ந்துபோச்சு."