ஆள் இல்லாத அறை

ஆள் இருப்பதைத் தானே கண்டுபிடித்து விளக்குப் போடும் அறை ஒன்றை உருவாக்கியிருந்தாள் கணினி ஆராய்ச்சியாளர் செண்பகவல்லி. ஆனால் அவள் அங்கே உட்கார்ந்து ஆடாமல் அசையாமல் யோசித்தால், பட்டென்று விளக்கு அணைந்துவிடும்.

அன்றும் அணைந்தது. அவளைச் சுமந்துகொண்டிருந்த நாற்காலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன்டா அணைச்சே?"

"ஆள் இல்லேன்னு சென்சார் சொல்லுச்சு. சொன்னதைச் செய்யறதுதான் என் வேலை" என்றது விளக்கு.

நாற்காலி கூரையிலிருந்த சென்சாரைப் பார்த்துக் கத்தியது. "கண்ணு தெரியலையா? ஒரு முழு மனுஷி என் மேல உட்கார்ந்திருக்கா!"

"அசைஞ்சாத்தான் ஆள். அதுசரி, நீ யாரு? உன் பேரே இங்க பதிவாகலையே. பதிவாகாதவங்க சொல்றதை நான் எடுத்துக்க முடியாது."

நாற்காலி ஆத்திரத்தில் கிறீச்சிட்டது. திடுக்கிட்ட செண்பகவல்லி இருட்டில் கையை ஆட்டினாள். விளக்கு எரிந்தது.

"ஆள் வந்தாச்சு!" என்றது சென்சார் பெருமையாக.

"போயிருந்தாத்தானேடா வர்றதுக்கு!"

மறுநாள் அறையைப் பார்க்கப் பெரிய மனிதர்கள் வந்தார்கள். அவர்களை உட்காரவைத்து, "இந்த அறை மனுஷங்களைப் புரிஞ்சு நடந்துக்கும்" என்றாள் செண்பகவல்லி. சொல்லும்போதே பழக்கதோஷத்தில் கையைத் தூக்கி ஒருமுறை ஆட்டினாள்.

வந்தவர்களும் எதற்கும் இருக்கட்டும் என்று கையை ஆட்டிவைத்தார்கள்.