வியாழக்கிழமைச் சட்டை

"தம்பி, கண்ணாடிய எல்லாம் இறக்குலா! குடலப் புடுங்குது."

முன் சீட்டில் இருந்த புஷ்பவள்ளி, கோடாலித் தைலம் தடவிய துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

காளிதாசன் கண்ணாடியை இறக்கினார். கரங்கானிலிருந்து கூலிம் டவுனுக்கு அவர் ஓட்டும் வேன் அது. வியாழக்கிழமையில் சிலர் ஆஸ்பத்திரிக்கு ஏறுவார்கள். புஷ்பவள்ளி மாதிரி சிலர் காய்கறி வாங்கப் பாசாருக்கு ஏறுவார்கள்.

நாற்றம் கடைசி சீட்டிலிருந்து வந்தது. அங்கே திவாகரனும் அவன் மனைவி காஞ்சனாவும். கிண்ணத்தில் உறைந்த ரப்பர் பாலைச் சாக்கில் கட்டி நாள்கணக்கில் போட்டு வைத்தால் ஒரு வாடை வருமே, அந்தக் கட்டிப்பால் வாடை. திவாகரன் சட்டையிலிருந்து கிளம்பி, டிக்கெட் இல்லாமல் வேன் முழுக்க உலா போனது.

"ஏம்பா, கட்டிப்பால் ஸ்டோர்ல வேலை செஞ்சா செய். வேனுக்கு வர்றப்பயாவது ஒரு வாளி தண்ணி ஊத்திக்கிட்டு வரக்கூடாதா?"

"மன்னிச்சுக்குங்கக்கா. நேரமாயிடுச்சு."

"வாரா வாரம் இதையே சொல்றே. பக்கத்துல அந்தப் புள்ளயப் பாரு, எவ்வளவு பாவமா உக்காந்திருக்கு. உன்கூட இருந்தா யாருக்குத்தான் மனசு கெடாது!"

சிலர் சிரித்தார்கள். திவாகரனும் சேர்ந்து சிரித்தான். சொரணை கெட்ட ஜென்மம் என்று புஷ்பவள்ளி முடிவு கட்டிவிட்டார்.

காஞ்சனா காதில் எதுவும் விழவில்லை. வெளியே செம்பனை மரங்கள் பனிக்குள் மிதந்து போய்க்கொண்டிருந்தன. அவளுக்கு இப்போதெல்லாம் மனிதர்களும் அப்படித்தான். பனிக்கு அந்தப் பக்கம் நின்று பேசினார்கள்.

பாசாரில் இறங்கும்போது புஷ்பவள்ளி கண்டிப்பாகச் சொன்னார்.

"அடுத்த வாரமும் இவன் இப்படியே வந்தா ஏத்தாத தம்பி. இல்லன்னா நாங்க யாரும் ஏற மாட்டோம்."

காளிதாசனுக்குச் சங்கடமாகப் போயிற்று. காஞ்சனா வாரா வாரம் மனநல டாக்டரைப் பார்த்தாக வேண்டும். முன்பு ஒரு தடவை அது விட்டுப்போய், அவள் மறுபடி படுத்த படுக்கையாகிவிட்டாள். இந்த வேனை விட்டால் அவர்களுக்கு வேறு வண்டியும் கிடையாது.

அவர்கள் வீட்டில் விடிந்ததும் ஒரு வாளி வெந்நீர் தயாராக இருக்கும். 'குளி' என்று யாரும் சொல்வதில்லை. நோய் வந்ததிலிருந்து காஞ்சனாவுக்குக் குளிப்பது மலையைப் புரட்டுகிற வேலை. குளியலறை வாசல் வரை போவாள். கையைத் தூக்கவே தெம்பில்லாமல் திரும்பி வந்து படுத்துக்கொள்வாள். வெந்நீர் அதுபாட்டுக்கு ஆறிப்போகும்.

"ஒரேயடியா குளிக்க வேணாம். மொதல்ல பல் விளக்குங்க. முடிஞ்சப்ப முகம். அப்புறம் காலு. போதும்," என்றிருந்தார் டாக்டர்.

பல் வந்தது. பல நாள் கழித்து முகம் வந்தது. பிறகு இரண்டும் போய், மறுபடி வந்தன.

அடுத்த வியாழன் காலையில் வாளியிலிருந்து ஆவி எழுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள் காஞ்சனா. விரலை விட்டுப் பார்த்தாள். இதமாக இருந்தது. ஒரு குவளை மொண்டு காலில் ஊற்றினாள். அடுத்தது முழங்காலில். அதற்கடுத்த குவளை எப்படித் தலைக்குப் போனது என்று அவளுக்கே தெரியவில்லை.

சவுக்கார நுரை வழிந்து ஓடியது. எங்கோ தூரத்தில் சேவல் கூவியது. அது தன் வீட்டுச் சேவல்தான் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவளுக்கு உறைத்தது.

ஈரத் தலையோடு வெளியே வந்தாள். திவாகரன் வேலிக் கம்பியில் தொங்கிய சட்டையை எடுத்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க, அது நாறுது. வேற போடுங்க."

அவன் அப்படியே நின்றுவிட்டான். பிறகு சட்டையைக் கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் போட்டான். திரும்பி வர நேரமாயிற்று. வந்தபோது கண் சிவந்திருந்தது.

வேன் கதவில் புஷ்பவள்ளி காவல் நின்றார். திவாகரன் தேய்த்த சட்டையில் வந்தான். அவர் ஆளை மேலும் கீழும் பார்த்தார், மோந்தும் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் வழி விட்டார்.

"வணக்கங்கக்கா," என்று காஞ்சனா மெல்லச் சொல்லிவிட்டு ஏறினாள். அவள் கூந்தலில் இன்னும் ஈரம் சொட்டியது.

ஆஸ்பத்திரி வாசலில் இருவரும் இறங்கிப் போனதும் புஷ்பவள்ளிக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தியா தம்பி! நாக்கப் புடுங்குற மாதிரி நாலு வார்த்தை கேட்டேன். கட்டிப்பால் ஸ்டோர்காரன் ஒரே வாரத்துல மணக்குறான்!"

"அவன் ஸ்டோர்ல இல்லக்கா. கிளவ் ஃபேக்டரில வேலை. நகத்துல அழுக்கு இருந்தாக்கூட உள்ள விடமாட்டாங்க."

"அப்ப அந்த நாத்தம்?"

"காஞ்சனாவால மாசக்கணக்கா குளிக்க முடியலக்கா. அது மேல வர்ற வாடை யாருக்கும் தெரியக்கூடாதுன்னு, பழைய சட்டைய கட்டிப்பால் சாக்குல சுருட்டி வெச்சு, வியாழக்கிழமை வேனுக்கு மட்டும் போட்டுக்கிட்டு வருவான். 'திட்டுறவங்க என்னையே திட்டட்டும்ணே, நீங்க எதுவும் சொல்லிடாதீங்க'ன்னு கைய புடிச்சிக்கிட்டான். இன்னிக்கு அது குளிச்சிடுச்சு. இனிமே அவனுக்கு அந்தச் சட்டை வேணாம்."

புஷ்பவள்ளிக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"அட, சீக்காளிப் புள்ள. அத யாரு தம்பி என்னா சொல்லப் போறாங்க?"

"வாயால சொல்லலக்கா. அது மொதல் தடவ வந்தப்ப, இதே வேன்ல ஒருத்தவங்க அதப் பாத்து மூக்கப் பொத்துனாங்க. அதோட வீட்டுக்குள்ள போயி முடங்குனதுதான். டாக்டரும் வேணாம், ஒண்ணும் வேணாம்னு அழுதுச்சாம்."

"யாரு தம்பி அந்தப் பாவி?"

காளிதாசன் புஷ்பவள்ளியின் மடியில் கிடந்த தைலத் துண்டை ஒரு தடவை பார்த்துவிட்டு, ரோட்டைப் பார்த்து வேனை ஓட்டினார்.