பிடுங்கிய கொடி

தேவனாம்பட்டினம் கடற்கரையில் வெயில் ஏறிவிட்டது. வேட்டியை அலை நனைப்பதுகூடத் தெரியாமல் நிற்கிறார் சக்கரபாணி. காலடியில் சிவப்புக் கொடி கிடக்கிறது. அலைச்சறுக்குப் பயிற்சி தரும் அவர் மகள் திலகவதி, இன்று யாரும் இறங்கக் கூடாது என்று நட்டுவைத்த கொடி. சற்று முன் அதைப் பிடுங்கிப் போட்டவர் இவர்தான். "நம்ம வூட்ல கடலப் பாத்துப் பயந்தவங்க யாரு? அதோ பாரு, அல ஒடையாத எடம். அது வழியாதான நாங்க படக எறக்குறோம்" என்று மாணவர்கள் முன்னால் சத்தம் போட்டார். "அது படகுக்கு வழி நைனா, ஆளுக்கு இல்ல" என்றாள் அவள். அவர் முறைத்ததும் அடங்கிப்போனாள். படகை வெளியே கொண்டுபோகும் அந்த அமைதியான நீர், அவர் பேச்சை நம்பி இறங்கிய மாணவி, சிதம்பரத்துப் பெண் கனிமொழியையும் பலகையோடு வெளியே இழுத்துப்போனது.

இப்போது திலகவதி அவளைப் பலகையில் கிடத்திக் கரைசேர்க்கிறாள். கனிமொழி இருமி இருமி உப்புநீரைக் கக்குகிறாள். டீக்கடையிலிருந்து ஓடிவந்த கனிமொழியின் அப்பா கத்துகிறார்: "கொடிய எடுத்தது யாரு?" திலகவதி தன் அப்பாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நான்தான் சார். கோச்சு நான். தப்பு என்னுது." சக்கரபாணி காலடியைப் பார்க்கிறார். குனிந்து அந்தக் கொடியை எடுத்து நட்டாலே போதும், பிடுங்கியவர் யாரென்று அந்த மனிதருக்குப் புரிந்துவிடும். அலை வந்து கொடியைப் புரட்டுகிறது. அவர் நிமிர்ந்தே நிற்கிறார்.