வலப்பக்கம்

வேளச்சேரித் தெருக்களில் படகுகள் ஓடத் தொடங்கி வெகுகாலம் ஆகிவிட்டது. அவை தாமாகவே வழிவிட்டுக்கொள்ளும் என்பதால், எதிரெதிரே வந்தால் இருவரும் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும் என்ற விதியைத் தமயந்தி மறந்தே போயிருந்தாள். அன்றைய மழையில் எல்லாப் படகுகளின் தானியங்கியும் நின்றுவிட்டது. எதிரே ஒரு படகு வரவும், பதறிப்போய் இடப்பக்கம் திருப்பினாள். மோதலில் எதிர்ப்படகிலிருந்த பெண் இறந்துபோனாள்.

மருத்துவமனையில், அந்தப் படகை ஓட்டிவந்த அவள் கணவர் ஜெபராஜ், தமயந்தியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சிரும்மா. தப்பா வலப்பக்கம் திருப்பிட்டேன். என் பொண்டாட்டிய நானே கொன்னுட்டேன்."

மோதிய பிறகுதான் தமயந்திக்கு விதி நினைவுக்கு வந்திருந்தது. அங்கே வேறு யாருக்கும் அது நினைவில்லை. தமயந்தி பேசாமல் இருந்திருக்கலாம்.

"நீங்க திருப்பினதுதான் சார் சரி," என்றாள் தமயந்தி. "நான்தான் மறந்துட்டேன்."

அவர் மெல்லத் தன் கையை எடுத்துக்கொண்டார்.